சிப்பிமுனையில் விழுந்த நீல ஈயம்

கனடாவில் என் வீட்டுக்காரர் சந்தியாப்பிள்ளை சுட்ட வெடிகள் மன்னார்ப் பக்கம் சிப்பிமுனையில் போய் விழத் தொடங்கியது ஒரு வைகாசி மாதத்துச் சனிக்கிழமை. அப்போது இங்கே காலை ஒன்பது மணி, அங்கே பின்னேரம் ஆறரை. அந்தோனியார் கோயிலில் செபமாலைக்கு மணி அடித்து ஓய்ந்த நேரம், என் தங்கச்சி எமில்டா குசினி வாசலில் குந்தியிருந்து சூடை மீனுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்த நேரம். சத்தம் இல்லை, புகை இல்லை. அவளுடைய வீட்டு மதிலில், ஒரு சிரட்டை கவிழ்க்கிற அளவு இடத்துக்குள், ஒன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று ஐம்பது ஓட்டைகள் விழுந்து நின்றன. அவள் மீனைக் கழுவி, புளி விட்டு, அடுப்பில் ஏற்றிவிட்டு, மீன் வெட்டுகிற கத்தியால் மதிலைக் குடைந்து ஒன்றை வெளியில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, அத்தான் எங்கை?"

"சுடப் போயிட்டார்."

"எத்தினை கொண்டு போனவர்?"

"ஐம்பது."

"அப்ப சரி. ஐம்பதும் இஞ்சை வந்திட்டுது."

எமில்டாவுக்கு அது அத்தானுடையது என்று எப்படித் தெரியும் என்றால், ஈயம் நீல நிறமாய் இருந்தது. சந்தியாப்பிள்ளை வெடிக்கு முன்னால் வைக்கிற ஈயச் சன்னங்களைத் தானே வார்க்கிறவர். பழைய கார்ச் சில்லுகளில் இருந்து கழற்றிய ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, நீல வர்ண மாவு பூசி, பாண் சுடுகிற சின்ன அவணில் வைத்துச் சுட்டெடுப்பார். மாதாவின் முக்காடு மாதிரி ஒரு நீலம். அந்த அவணில் இனிப் பாண் சுட ஏலாது என்று சிரிப்புக்கு நான் படம் எடுத்துத் தங்கச்சிக்கு அனுப்பி ஒரு கிழமைகூட ஆகவில்லை.

அவர் பத்தரைக்கு வந்தார். முகம் செத்துப்போய் இருந்தது. குறி வைக்கிற கடதாசியை மேசையில் விரித்தார். ஒரு ஓட்டை இல்லை, ஒரு கீறல் இல்லை, கடையில் வாங்கினபடி இருந்தது.

"மனுவேல் என்னைப் பாத்துக் கண் டொக்ரரிட்டப் போகச் சொல்லுறான்" என்றார். மனுவேல் அவரோடு தொழிற்சாலையில் நின்ற போர்த்துக்கீசன். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுடுகிற கிளப்பில் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

நான் எமில்டா சொன்னதைச் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்: "கூட்டமாய் விழுந்ததாமோ, சிதறி விழுந்ததாமோ?"

"ஒரு சிரட்டைக்குள்ளயாம்."

அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்றும் கண்டதில்லை, மகள் மெறின் பிறந்த அன்றும் கண்டதில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன. ஊரில் சங்கக்கடை மனேஜராய் இருந்த மனுசன். அந்தப் பக்கத்துக்காரர் வந்தாலும் இந்தப் பக்கத்துக்காரர் வந்தாலும், துவக்கு முதலில் நீட்டப்பட்டது கடைப் பூட்டுக்குத் திறப்பு வைத்திருந்தவருக்குத்தான். முழங்காலில் நின்றிருக்கிறார், வெயிலில் சட்டை இல்லாமல் படுத்திருக்கிறார், சீனி மூட்டை சுமந்து கொடுத்திருக்கிறார். அறுபத்திரண்டு வயதில் தொழிற்சாலை மூடி வீட்டில் இருந்தவரை மனுவேல் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வந்து எனக்குச் சொன்னார்: "இவ்வளவு காலமும் ஆராரோ எனக்கு நேரை பிடிச்ச சாமான். இண்டைக்கு நான் பிடிச்சன். ஒருத்தருக்கும் நேரை இல்லை றெஜினா, ஒரு கடதாசிக்கு நேரை." அன்றைக்கு அவர் தலையணையில் தலை வைத்ததும் நித்திரையானார். அதற்குப் பிறகு நான் அந்தக் கைத்துவக்கை ஏசவில்லை. படிப்பு எடுத்தார், சோதனை எழுதினார், அனுமதிப் பத்திரம் எடுத்தார், இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டினார், எல்லாம் ஒழுங்காய்ச் செய்தார்.

சுட்ட வெடியின் பித்தளைக் கோதுகளை மற்றவர்கள் விட்டுவிட்டுப் போவார்கள், இவர் பொறுக்கிக்கொண்டு வருவார். பேஸ்மென்ற்றில் மேசை போட்டு, கோதைக் கழுவி மினுக்கி, அடியில் பொறி தட்டுகிற பழைய கேப்பைத் தட்டி விழுத்தி, நெரித்து உருவம் சரியாக்கி, புதுக் கேப் வைத்து, அளந்து வெடிமருந்து விட்டு, ஐம்பது குழியுள்ள மரத்தட்டில் அடுக்கி வைப்பார். அதற்குப் பிறகு என் வேலை. அவருக்கு வலக்கண்ணில் புகை படர்ந்திருந்தது, ஆனால் அதை ஒருவருக்கும் சொல்ல மாட்டார். ஆகவே நான் ரோச் அடித்து ஒவ்வொரு கோதுக்குள்ளும் எட்டிப் பார்த்து மருந்தின் மட்டம் சரியோ என்று சொல்ல வேண்டும். ஐம்பது கோது, செபமாலையிலும் ஐந்து பத்தாய் ஐம்பது மணி. நான் ஒரு கோதுக்கு ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போவேன். ஒவ்வொரு மந்திரத்தையும் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கு ஒப்புக்கொடுப்பேன், கடற்கரையில் தொடங்கி கோயில் வரைக்கும். நான் "சரி" என்றதும் அவர் நீலச் சன்னத்தை வைத்து அமத்துவார். முப்பத்தெட்டு வருசக் கல்யாணத்தில் நாங்கள் சண்டை பிடிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது அந்த மேசையில்தான்.

அடுத்த சனிக்கிழமையும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. சிப்பிமுனைச் சனம் பயப்படவில்லை. முப்பது வருசமாய் மேலாலும் பக்கத்தாலும் வந்ததைப் பார்த்த சனம், இது சத்தம் இல்லாமல் வருகிறது, சொல்லி வைத்த நேரத்துக்கு வருகிறது, ஆர் அனுப்புகிறான் என்றும் தெரிகிறது என்று கண்டதும், இதைவிட மரியாதையாய் ஒரு வெடி வராது என்று முடிவெடுத்தது. பொலிஸ் வந்து மதிலைத் தடவிப் பார்த்து, சத்தம் கேட்டதோ என்று விசாரித்து, இல்லை என்றதும், சத்தம் இல்லையென்றால் துவக்கு இல்லை, துவக்கு இல்லையென்றால் முறைப்பாடும் இல்லை என்று சொல்லி, எமில்டா ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனது. பங்குச் சுவாமி ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து முடிய, சனிக்கிழமைகளில் ஆறரை தொடக்கம் ஏழு வரைக்கும் பிள்ளைகளை எமில்டா வீட்டு மதில் பக்கம் விட வேண்டாம் என்று அறிவித்தார். கார்த்திகையில் கனடாவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினபோது, அடுத்த சனி முதல் ஏழரைக்கு விழும் என்பதையும் மறக்காமல் அறிவித்தார்.

அதற்கிடையில் கடற்தொழிலாளர் சங்கத் தலைவர் வஸ்தியான் மதிலடியில் கிடந்த ஈயத்தைக் கண்டுவிட்டார். வலைக்கு அடிக்கயிற்றில் ஈயம் கோக்காவிட்டால் வலை நீருக்குள் நிற்காது. நீல ஈயத்தை உருக்கிக் கோத்த வலை சுவர் மாதிரி நேராய் நின்றது, அந்த முறை பாரையும் அறக்குளாவும் முட்டி முட்டி ஏறின என்று சொன்னார்கள். வஸ்தியான் என் வீட்டுக்காரரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். போனில் அவருடைய குரல் வீடு முழுக்கக் கேட்கும்.

"மச்சான், சனிக்கிழமை மட்டும் சுட்டுப் போட்டு இருக்கிறியோ? கை உளையுதோ? புதன்கிழமையும் போவன்ரா!"

"புதனிலயும் கிளப் திறப்பாங்கள்தான்."

"பிறகென்ன? றெஜினாத் தங்கச்சியிட்டச் சொல்லு, இந்தமுறை பெருநாளுக்கு அந்தோனியாருக்கு உங்கட பேரிலதான் பெரிய மெழுகுதிரி."

இவரும் புதன்கிழமையும் போகத் தொடங்கினார். பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போகாதவர் பனிக்குள் சுடப் போனார். ஊரை விட்டு வந்த நாளில் இருந்து ஒரு கடிதம் போட்டால்கூட அது போய்ச் சேருமோ என்று கிடந்த மனுசனுக்கு, தான் கையால் செய்தது ஊர் போய்ச் சேருகிறது, சேர்ந்த இடத்தில் சனம் அதைப் பொறுக்கி எடுக்கிறது என்பது கள்ளுக் குடித்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் பயமாய் இருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் எமில்டா. கல்யாணம் முடிக்காதவள். அப்பாவையும் அம்மாவையும் அந்த வீட்டில் வைத்துப் பார்த்து அந்த வீட்டில் இருந்தே எடுத்து அடக்கினவள்.

"எடியே, பின்பக்கமாய் இரு. இல்லாட்டி மன்னார் ரவுணுக்குப் போய் ஒரு அறை எடு" என்று நான் போனில் கெஞ்சுவேன்.

"ஆமி வந்தும் நான் எழும்பேல்ல. மற்றவங்கள் வந்தும் எழும்பேல்ல. உன்ர மனுசனுக்கு எழும்புறதோ?" என்று சிரிப்பாள்.

மாசி மாதம் வஸ்தியான் ஒரு வேலை செய்தார். மதிலில் எங்கே விழுகிறது, கடதாசியில் அது எந்த இடம் என்று அவரும் இவரும் வட்ஸ்அப்பில் கதைத்துக் கதைத்து அளந்து வைத்திருந்தார்கள். குறியை ஒரு விரற்கடை இடப்பக்கம் நகர்த்தினால் கோயில் கிணறு, இரண்டு விரற்கடை கீழே நகர்த்தினால் வள்ளம் இழுக்கிற கரை. வஸ்தியான் சிப்பிமுனையை முழுக்கக் கொப்பித் தாளில் கீறி, வீடு வீடாய்ப் பேரெழுதி, படம் எடுத்து அனுப்பினார். இவர் அதைப் பெரிதாய் அச்சடித்துக் கொண்டுபோய்க் கிளப்பில் குறிப் பலகையில் குத்தினார். இது என்ன என்று மனுவேல் கேட்டானாம். என் ஊர் என்று இவர் சொன்னாராம். வடிவான ஊர் என்று அவன் சொன்னானாம்.

முதல் வெடி நியாயத்துக்குத்தான். அயலூரான் ஒருவன் தடை செய்த தங்கூசி வலையோடு வந்து சின்ன மீனையும் அள்ளிக்கொண்டு போனான். "ஆளில்லாத நேரம் பாத்து எஞ்சினில ஒண்டு வை மச்சான்" என்றார் வஸ்தியான். இவர் வைத்தார். எஞ்சின் செத்தது, ஊர் கைதட்டியது. பிறகு, சங்கத்தில் வஸ்தியானை எதிர்த்துக் கதைத்த றொக்கின் தண்ணீர்த் தாங்கி. பிறகு, எல்லையைத் தள்ளிப் போட்டவனுடைய வேலிக் கட்டை. பிறகு, சாமத்தில் குரைக்கிற ஒரு நாய். முதலில் நியாயத்துக்கு, பிறகு கோபத்துக்கு, பிறகு சும்மா. இங்கே ஏஜாக்ஸிலும் பிக்கறிங்கிலும் இருக்கிற எங்கள் ஊராட்கள் ரோல்சும் பற்றிசும் கட்டிக்கொண்டு வந்து, சுகம் விசாரித்து, தேத்தண்ணி குடித்து, எழும்பும்போது மெல்லமாய், "அண்ணை, என்ர பெரியப்பான்ர மகன் காணியில ஒரு கொட்டில் போட்டிருக்கிறான்..." என்று இழுப்பார்கள். இவர் வரைபடத்தை விரிப்பார். ஒருவரும் ஆளைச் சுடச் சொல்லவில்லை. எங்கள் சனம் அப்படிக் கேட்காது. ஆளுக்குப் பக்கத்தில்தான் கேட்கும்.

மெறின் வந்து கத்தினாள். "அப்பா, உங்களுக்கு விசரா? அங்க சித்தி இருக்கிறா!"

"சித்தி இருக்கிறது எனக்குத் தெரியும் பிள்ளை. நான் சித்தியைச் சுடேல்ல. சித்திக்குப் பக்கத்தில சுடுறன்."

"கண் தெரியுதா உங்களுக்கு? அம்மா, நீங்க இந்த மனுசனுக்கு ரோச் பிடிச்சுக் குடுக்கிறீங்க, என்ன?"

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள், பிறகு வரவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்த கிழமை, வரைபடத்தில் ஒரு நகக்கண் அளவு கை பிசகி, சன்னம் எமில்டாவின் தகரக் கூரையைத் துளைத்து, அடுப்பில் இருந்த சட்டியைப் பிளந்து, சொதியை முழுக்க நெருப்பில் ஊற்றியது. அவள் அப்போதுதான் உப்பு எடுக்க எழும்பியிருந்தாள். அன்றைக்குத்தான் அவள் முதல்முறை சிரிக்காமல் கதைத்தாள். சட்டித் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு சங்கத்துக்குப் போய், எல்லாருக்கும் முன்னால், "அந்தக் கை இனிச் சுடாமல் போகட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

சங்கம் கூடியது. எமில்டாவின் வீடு இடைஞ்சலான இடத்தில் இருக்கிறபடியால் புதனும் சனியும் அவள் வேறெங்கேயாவது போய் இருக்க வேண்டும் என்று தீர்மானம் வைத்தார்கள். ஆதரித்து நாற்பத்தொரு கை. எதிர்த்து இரண்டு கை: ஒன்று எமில்டாவுடையது, மற்றது காது கேளாத சவிரியானுடையது. சவிரியான் தேத்தண்ணி வேண்டும் என்று உயர்த்தினவன்.

"தங்கச்சி, கோவியாதையுங்கோ" என்று வஸ்தியான் எனக்குப் போனில் சொன்னார். "ஒரு பொம்பிளை கொஞ்சம் விலகி இருந்தா ஊர் முழுக்கச் சாப்பிடும்."

நான் இவருடைய காலில் விழாத குறை. "இஞ்சேருங்கோ, ஒரே ஒரு தங்கச்சி. ஆறு மாதம் நிப்பாட்டுங்கோ, கண்ணை வெட்டிச் சரியாக்கிப் போட்டுச் சுடுங்கோ." அவர் வரைபடத்தில் எமில்டாவின் வீட்டைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வளையம் போட்டுக் காட்டினார். "இதுக்குள்ள போக மாட்டன். நீ பயப்படாத." அந்த வளையம் புகை படர்ந்த கண்ணால் பார்த்துப் போட்டது. அது வீட்டின் பாதியை வெளியில் விட்டிருந்தது.

என்னுடைய செபத்தால்தான் அவை ஊருக்குப் போகின்றனவோ என்று எனக்கு ஒரு பயம் இருந்தது, வீடு வீடாய் ஒப்புக்கொடுத்தது நான்தானே. ஒரு கிழமை மந்திரம் சொல்லாமல் வெறும் கண்ணால் மட்டம் பார்த்தேன். அப்போதும் போய் விழுந்தன. என் செபம் அவற்றைக் கொண்டுபோகவும் இல்லை, மறிக்கவும் இல்லை. அந்தக் கிழமை எனக்குள் ஏதோ ஒன்று ஆறிப்போனது, சோறு ஆறுகிற மாதிரி.

சித்திரை கடைசிப் புதன்கிழமை, வருகிற சனிக்கிழமைக்கு என்று தட்டை நிரப்பிக்கொண்டிருந்தோம். மேலே போன் அடித்தது, வஸ்தியான். இவர் படியேறிப் போனார். மருந்து விட்ட ஐம்பது கோதும் என் முன்னால் இருந்தன. பத்துக் கோதில் இருந்து மருந்தைக் கையில் கவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டேன். ஐம்பதிலும் கொட்டியிருப்பேன், ஆனால் ஐம்பதும் போகாவிட்டால் நான்தான் என்று பிடித்துவிடுவார். அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் பத்து என்றால், மருந்து பழுது என்று நினைப்பார், நெடுக இப்படி நடந்தால் மனம் வெறுத்து விடுவார் என்று என் மோட்டுப் புத்தி சொன்னது. மருந்து இல்லாத வெடி போகாது. நனைந்த சீனவெடி எப்படிக் கிடக்குமோ அப்படிக் கிடக்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் வந்து, "பாத்தனியோ?" என்றார். "சரி" என்றேன். அவர் ஒவ்வொன்றாய் நீலச் சன்னத்தை வைத்து அமத்தினார், ஐம்பதும் ஒரே மாதிரி இருந்தன.

கேப் ஒன்றே போதுமாம் சன்னத்தைத் துவக்குக் குழாயின் பாதிவரைக்கும் தள்ள. அங்கே அது இறுகி நிற்குமாம். பிறகு வருகிற வெடிக்குப் போக வழி இல்லையாம், துவக்குத்தான் கைக்குள் வெடிக்குமாம். மற்றச் சுடுகாரர் என்றால் சத்தம் குறைந்ததும், கடதாசியில் ஓட்டை விழாததும் கண்டு கையை எடுத்துவிடுவார்களாம். இவருக்குக் காதில் மூடி. கடதாசியில் ஓட்டை விழாமல் சுட்டுச் சுட்டே ஒரு வருசம் பழகின மனுசன். ஓட்டை விழாதது அவருக்கு ஓர் அறிகுறியே இல்லை. இவ்வளவையும் மனுவேல் எனக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாங்கில் இருத்தி, கையால் காட்டிக் காட்டி விளங்கப்படுத்தினான்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை முதலில் எனக்குப் போன் எடுத்தது ஆஸ்பத்திரி இல்லை, மனுவேலும் இல்லை.

"அக்கா, பயப்படாத, ஒண்டு கேக்கிறன்" என்றாள் எமில்டா. "அத்தானுக்குக் கையில விரலெல்லாம் இருக்கோ?"

"என்னடி கதைக்கிறாய்?"

"முற்றத்தில ரெண்டு விரல் வந்து விழுந்து கிடக்கு. சூடாய் இருக்கு. நகத்துக்குள்ள நீலம்."

கிளப்பில் அம்புலன்ஸ்காரர் ஐஸ் பையோடு புல்லுக்குள்ளும் சரளைக்குள்ளும் முழங்காலில் நின்று தேடினார்கள், மனுவேல் வாளி கவிழ்த்துத் தேடினான். விரல் கிடைத்தால் பொருத்தலாம், அரை நாள்வரைக்கும் பொறுக்கும் என்று டொக்ரர் சொன்னார். சிப்பிமுனையில் ஐஸுக்குக் குறைவில்லை. எமில்டா இரண்டு விரலையும் மாதாவுக்கு விரிக்கிற வெள்ளைத் துணியில் சுற்றி மீன் பெட்டியில் ஐஸுக்குள் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள், ஊர் முழுக்க மீன் பெட்டியைச் சுற்றி நின்றது. அங்கே விரல் ஐஸில், இங்கே கை மேசையில், இடையில் கடல். "எயாப்போட்டில ஆரும் தெரிஞ்ச ஆள் இல்லையோ?" என்று வஸ்தியான் போனில் அழுதார். ஒரு வருசமாய்க் கண் மூடித் திறக்க முதல் சன்னம் ஊர் போய்க்கொண்டிருந்தது, ஒரே ஒரு தடவை இந்தப் பக்கம் ஒன்று வர வேண்டியிருந்தபோது வரவில்லை. இருட்ட, டொக்ரர் கையைத் தைத்து மூடிவிட்டார்.

விரல்களை அடக்கம் செய்தார்கள். பங்குச் சுவாமி முழுப் பூசையும் வைத்தார், கடலுக்கு ஒருவரும் போகவில்லை, மணி அறுபத்தெட்டுத் தரம் அடித்தார்கள், அவருடைய வயசுக்கு ஒன்றாய். விழுந்த இடத்திலேயே அடக்க வேண்டும் என்று சனம் கேட்டதால் எமில்டாவின் முற்றத்தில் குழி வெட்டினார்கள். இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தோசமாய் இருந்தார். "நான் போகாட்டிலும் ரெண்டு விரலாவது ஊர் மண்ணுக்குப் போயிட்டுது" என்றார்.

என்னிடம் அவர் ஒரே தரம்தான் கேட்டார். "நீ மட்டம் பாத்தனி, என்ன?"

"பாத்தன்."

"உன்ர கண்ணில பிழை வராது. மருந்தில தான் பிழை."

இடக்கையால் மருந்துக் கொம்பனிக்குக் கடிதம் எழுதினார். விசாரிக்கிறோம் என்று அவர்கள் பதிலும் போட்டு, தங்கள் பேர் அச்சடித்த தொப்பி ஒன்றும் அனுப்பினார்கள். அதை அவர் போட்டுக்கொண்டு இருக்கிறார். நான் தமிழ்ப் பூசைக்குப் போகிற நாளில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கிறேன், முழங்காலில் இருக்கிறேன், கோபப்பட்டது, வெள்ளிக்கிழமை இறைச்சி தின்றது, அயலவளைப் பற்றிக் கதைத்தது எல்லாம் சொல்கிறேன். வேறேதும் உண்டோ மகளே என்று சுவாமி கேட்கிறார். இல்லை சுவாமி என்று எழும்பி வருகிறேன்.

ஊரில் வலைக்கு ஈயம் வரவில்லை. வாடைக்காற்று தொடங்க மீன் குறைந்தது, ஈயம் இருந்த நேரத்திலும் வாடைக்கு மீன் குறைகிறதுதான், ஆனால் அதை ஒருவரும் நினைக்கவில்லை. அந்தக் கை இனிச் சுடாமல் போகட்டும் என்று சட்டித் துண்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஆர் என்று கேட்டார்கள். அவளுடைய நாக்கு என்றார்கள். கோயிலில் அவளுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை, கரையில் அவளுக்கு மீன் போடவில்லை, கடையில் பாண் முடிந்துவிட்டது என்றார்கள், பாண் தட்டில் இருக்கும்போதே. முற்றத்து அடக்கக் குழியில் பூ வைக்க வந்தவர்கள் அவளுடைய வாசலைக் கடக்கும்போது பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள். பிறகு சங்கம் திரும்பவும் கூடி, விரல் கிடக்கிற இடத்தில் அந்தோனியார் சிலை வைத்து ஒரு சுருபக்கூடு கட்ட வேண்டும், வருகிற சனத்துக்கு நிற்க இடம் வேண்டும், அதற்கு அந்த வீடு வேண்டும் என்று தீர்மானித்தது. எதிர்க்க ஒரு கைதான் இருந்தது. சவிரியான் இந்த முறை கூட்டத்துக்கு வரவில்லை.

நேற்றுப் போன் எடுத்தாள். பின்னால் சாமான் இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, சனம் சொல்லுது நான் சாபம் போட்டுத்தானாம் அத்தானுக்கு இப்பிடி வந்தது."

"சனம் கதைக்கும்."

"நானும் யோசிச்சுப் பாத்தன். வாயால சொன்னனான்தானே. படுத்தா நித்திரை இல்லை. அத்தானைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லு." சாமான் இழுக்கிற சத்தம் நின்றது. "நீயும் அப்பிடித்தான் நினைக்கிறியோ, அக்கா? நீ இல்லையெண்டு சொன்னா நான் நம்புவன்."

அவர் பக்கத்து அறையில் தொப்பியோடு இருந்து ரீவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல் போதும்.

"நான் அனுப்பின மிளகாய்த்தூள் கிடைச்சதோ?" என்று கேட்டேன்.

"கிடைச்சது" என்றாள் என் தங்கச்சி. "கட்டி வைச்சிட்டன், கொண்டு போறதுக்கு. வீட்டுத் திறப்பை ஆரிட்டக் குடுக்கிறதெண்டு மட்டும் கேட்டுச் சொல்லு."

நான் வஸ்தியானுக்குப் போன் எடுத்துக் கேட்டுச் சொன்னேன்.